துண்டு கிடந்த இருக்கை

என் வயதை ஒத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைகள் எங்கே கூட்டிப் போனாலும் ஏன், எதற்கு என்று கேட்காமல் பின்னால் நடக்கிற வயது நமக்கு வந்துவிட்டது. இந்தக் கோடை விடுமுறையில் என் மகளும் மாப்பிள்ளையும் என்னைக் கப்பலில் கூட்டிப் போனார்கள். சென்னையில் ஏறி, கடலில் மூன்று நாள் சுற்றி, சென்னையிலேயே திரும்ப இறங்குகிற உல்லாசக் கப்பல். போய் வந்ததும் தெருவில் எல்லோரும் "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டார்கள். "நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லி வைத்தேன். உண்மையில் அங்கே எனக்கு மூச்சு முட்டியது.

ஓர் அறைகூட மிச்சமில்லாமல் நிறைந்த கப்பல் அது. ஏறிய நாள் மத்தியானமே தெரிந்துவிட்டது. அறைகளுக்கு நடுவே போகிற நடையில் எதிரே ஒருவர் வந்தால் இருவரும் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டுதான் கடக்க வேண்டும். லிஃப்ட் எப்போது திறந்தாலும் ஆட்களால் அடைத்திருக்கும். கையில் தர்பூசணித் தட்டோடு ஒரே மனிதரை மூன்று முறை லிஃப்டுக்குள் பார்த்தேன். அவரும் இறங்க வழியில்லாமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தார் போலிருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் தோசைக்கு நிற்கிற வரிசை, ஐஸ்கிரீமுக்கு நிற்கிற வரிசையோடு கலந்து, யார் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் போயிற்று. நீச்சல் குளத்தில் தண்ணீர் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. எண்ணெய்ப் பலகாரத்தின் வாசனையும் குளத்து மருந்தின் வாசனையும் குழந்தைகளின் கத்தலும் சேர்ந்து நெற்றிப்பொட்டில் அடித்தன.

மேல்தளத்தில் கம்பிவேலிப் பக்கம் போக நினைத்தால், செல்ஃபி எடுப்பவர்களின் முதுகுதான் வேலியாக நின்றது. ஈரோட்டுப் பக்கத்துக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, "ஏனுங்க, கடல் எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து தேடினோம்.

"ஃபுல் புக்கிங்குங்கப்பா. லீவு சீசன்ல இப்படித்தான் இருக்கும்" என்றாள் மகள்.

இரண்டாம் நாள் காலை, மகளின் பையன் விடிந்ததும் மேலே போய், கடலைப் பார்த்துப் போட்டிருந்த சாய்வு நாற்காலிகளில் நான்கைப் பிடித்துவிட்டான். பிடிப்பது என்றால் ஒன்றுமில்லை. கப்பலில் கொடுக்கிற நீலத் துண்டை ஒவ்வொன்றின் மேலும் விரித்து, ஒன்றில் செருப்பு, ஒன்றில் தொப்பி என்று வைத்துவிட்டான். அந்த வரிசை முழுவதும் அப்படித்தான் கிடந்தது. துண்டுகள் படுத்திருந்தன, ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

என்னை ஒன்றில் உட்கார வைத்துவிட்டுப் பையன் பக்கத்தில் காவல் இருந்தான். ஓர் அம்மாள் வந்தார். அறுபது வயதிருக்கும். மூட்டுவலி என்று நடையிலேயே தெரிந்தது. தட்டைக் கையில் பிடித்தபடி, "இங்க யாராவது வர்றாங்களா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாங்க, ஆள் வருது" என்றான் பையன்.

அவர் தலையசைத்துவிட்டு, தூணில் சாய்ந்து நின்றே சாப்பிட்டார். மகளும் மாப்பிள்ளையும் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் வரை யாரும் வரவில்லை. நான் பையனை அதட்டவில்லை. "உட்காருங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அந்த அம்மாள் போன பிறகும் அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏனுங்க அப்புச்சி, ஒடம்பு சரியில்லீங்களா?" என்று பையன் கேட்டான். "ஒண்ணுமில்ல கண்ணு" என்றேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது நடந்ததை இதுவரை என் மனைவிக்கும் சொன்னதில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நல்லூரில் எங்கள் வீட்டு முன்பக்கம் ஓடு வேய்ந்த நீளக் கட்டடத்தில் அப்பா பனியன் கம்பெனி போட்டிருந்தார். தோட்டத்தைக் குறைத்துக்கொண்டு தொழிலுக்கு வந்த புதிது. துணி பின்னுகிற மெஷின்களின் சத்தத்தில்தான் நான் எழுந்தேன், அந்தச் சத்தத்தில்தான் தூங்கினேன். எந்தச் சோற்றிலும் ஒரு பஞ்சு இழை கிடக்கும். அந்த வருஷ முழுப்பரீட்சை லீவில் அப்பா முதல் முறையாகக் கம்பெனி ஆட்களை டூர் கூட்டிப் போவதாகச் சொன்னார். ஒரு பஸ். திருச்செந்தூர், கன்னியாகுமரி, திரும்ப வீடு. அங்கே வேலை பார்த்த பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை. நானும் பார்த்ததில்லை.

தைத்து முடித்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுப்பதைப் பிசிறு வெட்டுவது என்போம். அந்த வேலையில் ஓர் அக்கா இருந்தார். நான் அவரைப் பிசிறக்கா என்று கூப்பிடுவேன். திருச்செந்தூருக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரிலிருந்து கல்யாணம் ஆகி வந்தவர். புருஷன் எங்களிடமே மெஷின் ஓட்டினார். இடுப்பில் எப்போதும் ஒரு கைக்குழந்தை.

அந்த அக்காவின் அம்மா படுத்த படுக்கையாக இருப்பதாகக் கடிதம் வந்திருந்தது. மெஷின்களைப் பிரித்து எண்ணெய் போட டூர் நாட்களைத்தான் அப்பா ஒதுக்கியிருந்தார் என்பதால் புருஷன் நகர முடியாது. மூன்று பஸ் மாறி, கைக்குழந்தையோடு தனியாகப் போக அக்காவுக்குத் தைரியம் இல்லை. டூர் பஸ்ஸோ அவர் ஊர்ப் பக்கமே போகிறது. அப்பாவிடம் வந்து நின்றார்.

"மொதலாளி, திருச்செந்தூர் வரைக்கும் ஒரே ஒரு எடம் குடுங்க. எங்கம்ம மொகத்தப் பாத்துட்டு வந்துருதேன்."

"பேரு குடுத்தவங்களுக்கே சரியா இருக்குதும்மா. எல்லாரும் ஏறினப்பறம் ஒரு எடம் மிஞ்சுனா நீதான் மொதல்ல. போதுமா?" என்றார் அப்பா. சொன்னால் செய்கிறவர் அவர்.

அக்கா அன்றைக்கே ஊருக்குக் கடிதம் போட்டுவிட்டார். வெட்டுத் துணியில் நல்லதாகப் பொறுக்கி, வெந்நீரில் அலசி, ஒன்றோடொன்று தைத்து ஒரு விரிப்புச் செய்தார். படுத்தே கிடந்து முதுகு புண்ணாகியிருந்த அம்மாவுக்குக் கீழே போட. வெள்ளையும் இளமஞ்சளுமாக இருக்கும். தொட்டால் பூனைக்குட்டி போலிருக்கும். நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் அப்போது ஒரு தகரக் கப்பல் இருந்தது. உள்ளே சின்னத் திரி ஏற்றினால் டொக் டொக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு தொட்டியில் தானே ஓடும். சிவப்புப் பெயிண்ட், ஒரு பக்கம் உரிந்திருக்கும். அதைக் கடலில் விட வேண்டும் என்று இரண்டு வாரம் வேறு நினைப்பே இல்லை.

புறப்படுகிற அன்று விடிகாலையில் எல்லோருக்கும் முன்னால் பஸ்ஸில் ஏறினேன். தம்பி பிறந்து அம்மா தாய்வீட்டில் இருந்ததால் என்னைக் கவனிக்க யாரும் இல்லை. பின்பக்கம் இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் ஜன்னலோரம் எனக்கு. பக்கத்து இடமும் எனக்கே வேண்டும். கப்பல் பெட்டியை வைக்க வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். அப்பாவின் துண்டு ஆபீஸ் நாற்காலியில் தொங்கியது. பச்சைக் கரை போட்ட துண்டு. ஓடிப்போய் எடுத்து வந்து பக்கத்து இடத்தில் விரித்தேன்.

நம் பக்கத்தில் துண்டு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஜன்னல் வழியே துண்டைப் போட்டால் இடம் நம்முடையது. அதிலும் அது முதலாளியின் துண்டு. அதன் மேல் உட்காருவது இருக்கட்டும், தள்ளி வைக்கக்கூட யாருக்கும் கை வராது. ஏறியவர்கள் எல்லாம் துண்டைப் பார்த்தார்கள், கடந்து போனார்கள். தையல்காரர் ஒருவர் மட்டும், "மொதலாளி துண்டுக்கே ஒரு சீட்டு, நமக்குக் கம்பி" என்று சிரித்தார். அவர் பையன் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டான்.

ஆட்களை எண்ணியது மேஸ்திரி. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அப்பாவோடு இருந்தவர். தட்டையான குரல், நேரான மனிதர். எண்ணிக்கொண்டே வந்தவர் என் சீட்டருகில் நின்றார்.

"இங்க ஆருங்க சின்ன மொதலாளி?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் துண்டைப் பார்த்தார். வழியில் யாரோ சொந்தக்காரர் ஏறப் போகிறார், அதற்காக முதலாளி போட்டு வைத்திருக்கிறார் என்று அவரே முடிவு செய்துகொண்டார். முதலாளியிடம் போய் உங்கள் துண்டு யாருக்கு என்று கேட்பது அவருக்கு மரியாதையாகப் படவில்லை. முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம், "எல்லாம் நெறஞ்சிருச்சுங்க" என்றார். அவர் சொன்னால் அப்பா திரும்பிப் பார்க்க மாட்டார்.

பிசிறக்கா படிக்கட்டுக்குக் கீழே நின்றிருந்தார். தலைவாரிப் பூ வைத்திருந்தார். குழந்தைக்குப் புதுச் சட்டை. கையில் துணி மூட்டை.

"எடம் மிஞ்சலம்மா. அடுத்த தடவ பாக்கலாம்" என்றார் மேஸ்திரி.

"நின்னுக்கிட்டு வாரேன் அண்ணாச்சி."

"கைக்கொழந்தையோட எப்படிம்மா நிப்ப? நாள் பூரா ஓடற பஸ்ஸு. விழுந்தா ஆரு பதில் சொல்றது?"

எனக்கு எல்லாம் கேட்டது. துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் போதும். நான் ஏன் எடுக்கவில்லை என்று வருஷக்கணக்காக யோசித்திருக்கிறேன். துண்டை எடுத்ததற்கு அப்பா திட்டுவார் என்ற பயம் கொஞ்சம் இருந்தது. அதைவிட, அந்தக் குழந்தை வழியெல்லாம் பால் கக்கும், என் கப்பல் மேல் கக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

அக்கா பஸ்ஸைச் சுற்றி என் ஜன்னலுக்குக் கீழே வந்தார்.

"தம்பி, பஸ் நிக்கிற எடத்துல எங்கய்யா காத்துக்கிட்டு நிப்பாவ. நான் வாரேன்னு எழுதிட்டேன். இத அவுககிட்ட குடுத்துருவீயளா?"

மூட்டையை ஜன்னல் வழியே வாங்கினேன். துண்டின் மேல் வைத்தேன். அக்கா வந்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து அந்த மூட்டை திருச்செந்தூர் வரை வந்தது. தையல்காரர் பையன் மதுரை தாண்டியும் நின்றுகொண்டேதான் வந்தான்.

சாயங்காலம் பஸ் நின்றது. கடல் தெரிவதற்கு முன்பே உப்புக் காற்று உதட்டில் ஒட்டியது. பனை ஓலைப் பெட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, சட்டை போடாத மெலிந்த ஒருவர் படியருகில் வந்து நின்று, இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் நான் மூட்டையோடு இறங்கினேன். அவர்தான் அக்காவின் அப்பா. மூட்டை அக்கா கொடுத்தது என்று சொன்னேன்.

"பிள்ள வரலியா?"

"எடம் இல்லீங்க."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். எல்லோரும் இறங்கிய பஸ்ஸில் எல்லா இடமும் காலியாகத்தான் இருந்தது. ஆனால் என் பக்கத்து இடத்தில் மட்டும் துண்டு விரித்தபடி, ஒரு கசங்கல் இல்லாமல் கிடந்தது. மூட்டை இருந்த இடத்தில் ஒரு வட்டப் பள்ளம், அவ்வளவே. அவருக்குப் புரிந்துவிட்டது.

"நிக்கக்கூடவா எடமில்ல?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா என்று தெரியவில்லை.

அதற்குள் அப்பா பின்னால் வந்தார். துண்டைப் பார்த்தார். "இதுல ஆரு வந்தாங்க?" என்று மேஸ்திரியைக் கேட்டார்.

"நீங்கதானுங்களே துண்டு போட்டு வெச்சிருந்தீங்க" என்றார் மேஸ்திரி.

அப்பா என்னைப் பார்த்தார். மேஸ்திரியும் என்னைப் பார்த்தார். அப்பா துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பெரியவரிடம் கைகூப்பி, "கூட்டமுங்க. மன்னிச்சுக்குங்க" என்றார். அவர் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் கடலில் கப்பலை விட்டேன். முதல் அலையே அதை விழுங்கிவிட்டது. நான் அழுததைப் பார்த்துக் கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் தேடினார்கள். மேஸ்திரி இடுப்பளவு ஆழம் வரை போனார். ஒரு பொம்மைக்காக அத்தனை பேர் தேடினார்கள் என்பது எனக்கு அப்போது சரியாகவே பட்டது.

நாங்கள் ஊர் திரும்பியபோது பிசிறக்கா இல்லை. நாங்கள் கன்னியாகுமரியில் இருந்த நாளில் தந்தி வந்து, எண்ணெய் போட்ட மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் புருஷன் அவரைக் கூட்டிப் போயிருந்தார். அவர்கள் போய்ச் சேருமுன் அம்மாவின் உடலை எடுத்துவிட்டார்கள்.

காரியம் எல்லாம் முடிந்து வந்த அன்று, அக்கா நேரே மேஸ்திரி முன்னால் போய் நின்றார். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தாலும் அந்தக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"பஸ்ஸுல ஒரு எடம் காலியாக் கெடந்துச்சுன்னு எங்கய்யா சொன்னாவ. எண்ணத் தெரியாதாவே ஒமக்கு? இல்ல, பிழைக்க வந்தவதானன்னு விட்டுட்டீரா?"

மேஸ்திரி அப்பாவைப் பார்த்தார். அப்பா நூல் சுற்றிய கோன் ஒன்றைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"அவரு எண்ணுனதுல தப்பாயிருச்சும்மா" என்றார் அப்பா.

மேஸ்திரி மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம்மா, தப்புத்தான்" என்றார். அன்று சாயங்காலம் அப்பா என்னிடம், "நீ ஒண்ணும் பேசாத கண்ணு. அது முடிஞ்சு போச்சு" என்றார். என்னைக் காப்பாற்றியதாக நினைத்தார். அப்பா எனக்குச் செய்த தீங்கு என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

பிறகு முப்பது வருஷத்துக்கும் மேல் அக்காவும் மேஸ்திரியும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தார்கள். அக்கா ஒரு வார்த்தை அவரோடு பேசவில்லை. மேஸ்திரி பனியன் கட்டைக் கொண்டுவந்தால் அக்கா கையில் வாங்க மாட்டார். கீழே வைத்துவிட்டு அவர் போகிற வரை காத்திருந்து எடுப்பார். டீ வருகிற நேரத்தில் டம்ளரைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏன் என்று கேட்டால், "அது பழைய கதைங்க" என்பார்கள். அப்பாவுக்குப் பிறகு நான் முதலாளியானேன். தினமும் இதைப் பார்த்தேன். சில வருஷங்களுக்கு முன் மேஸ்திரி இறந்தபோது கம்பெனியே திரண்டு வந்தது. பிசிறக்கா வரவில்லை. அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

கப்பலிலிருந்து வந்த மறுவாரம், பிசிறக்கா மகனோடு இருக்கிற வீரபாண்டிக்குப் போனேன். அந்தக் கைக்குழந்தை இப்போது அறுபதை நெருங்குகிறது. வீட்டிலேயே நாலைந்து தையல் மெஷின் போட்டு ஓட்டுகிறார். அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காதும் கண்ணும் நன்றாக இருக்கின்றன.

"வாங்க தம்பி. ஒல்லியாயிட்டிய" என்றார்.

ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். துண்டு, கப்பல், குழந்தை கக்கும் என்று நினைத்தது எல்லாம். நான் முடித்ததும், "எங்கய்யா மூட்டைய வாங்கையில என்ன சொன்னாவ?" என்று மட்டும் கேட்டார்.

"நிக்கக்கூடவா எடமில்லன்னு கேட்டாருங்க."

"அவுக அப்பிடித்தான் கேப்பாவ" என்று தலையாட்டினார். அம்மாவை நினைத்து அழுவார், என்னைத் திட்டுவார், ஒருவேளை போகட்டும் என்று விடுவார். எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் சொன்னது வேறு.

"எங்கம்மைக்கு அழுது முடிச்சு எவ்வளவோ காலம் ஆச்சு. அந்த மேஸ்திரி... அவரு செத்த அன்னைக்கு மால வாங்கிக்கிட்டு அவுக தெருமுக்கு வரைக்கும் போனேன் தம்பி. உள்ள போக மனசு வரல. மாலைய வேலியில போட்டுட்டுத் திரும்பிட்டேன். ஒரு வார்த்த நீங்க சொல்லியிருந்தா உள்ள போயிருப்பேம்லா? செய்யாத தப்புக்கு அந்த மனுசன் மூஞ்சியில முழிக்காமலே இருந்துட்டேனே. இப்ப இத நான் எங்க கொண்டு எறக்கி வைப்பேன்?"

என் பாரத்தை இறக்கி வைக்கப் போனவன் நான். அவருக்கு அப்படி ஒன்று ஏறும் என்று நினைக்கவே இல்லை. இந்த வயதிலும் என்னைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறேன்.

"அவுக வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். மகன் தடுத்தும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவரே காரில் ஏறினார்.

நல்லூரில் மேஸ்திரியின் வீட்டில் இப்போது அவர் மகள் இருக்கிறார். வாசலில் கார் நின்றதும் நானும் இறங்கினேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"நீங்க வராதிய. நீங்க கூட வந்தா, மொதலாளியே வந்துட்டாருன்னு அந்தப் பிள்ள எழும்பி நின்னு மரியாத பண்ணும். நான் என்ன சொன்னாலும் சரிங்க சரிங்கன்னுரும். எனக்கு அது வேண்டாம்."

வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு படி ஏறினார். உள்ளேயிருந்து "ஆருங்க?" என்று குரல் வந்தது.

"ஒங்கப்பாகிட்ட முப்பது வருசம் பேசாம இருந்தவ வந்திருக்கேன் தாயி."

மேஸ்திரியின் மகள் வாசலுக்கு வந்து பார்த்தார். பிறகு, "உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க" என்று அந்தப் பெண் சொல்வது கேட்டது.

அக்கா திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை நான் காருக்குள் போய் உட்காரவில்லை.